அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்த மச்சாளுக்கு

மச்சாள்,

இன்று காலை ஓட்டமாவடிச் சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் இஞ்சிப் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றேன். நனைந்த நெல்லை யாரோ தார் ரோட்டின் அரைவாசியை மறித்துக் காயப் போட்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற ஈர உமியின் மணம் எழும்பி வந்தது. அந்த மணம் மூக்கில் ஏறிய அதே நேரத்தில் சட்டைப் பைக்குள் போன் கத்தியது. கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தேன். என் திறைசேரி உண்டியல் முதிர்ந்துவிட்டதாம். காசு கணக்கில் விழுந்துவிட்டதாம்.

நெல் மணமும் அந்தச் செய்தியும் ஒன்றாக வந்தால் நான் வேறு யாரை நினைப்பேன்?

"அரசாங்கம் வாங்கின கடனத் திருப்பித் தந்திருக்கு!" என்று கடை முழுவதற்கும் கேட்கச் சொன்னேன். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவன், "நிவாரணக் காசா அண்ணே?" என்றான்.

"நிவாரணமா? அடேய், அது நான் அரசாங்கத்துக்குக் குடுத்த கடன். கொழும்புல என்ட பேரச் சொன்னா எழும்பி நிப்பாங்க."

கடையில் ஒருவரும் எழும்பவில்லை. நீ பக்கத்தில் நின்றிருந்தால், "இருந்து கொள்ளுங்க மச்சான், உங்கட கடனாளி வரக்குள்ள கால் உளைஞ்சிரும்" என்று சொல்லியிருப்பாய். அந்தக் குரலை எதிர்பார்த்து இடது பக்கம் திரும்பியும் பார்த்துவிட்டேன்.

இது எனக்கே எனக்கென்று நான் வாங்கிய முதல் உண்டியல், தெரியுமா? பழைய லான்ட்மாஸ்டர் உழவு மெசினை விற்ற காசு. ஊரெல்லாம் உண்டியல் புராணம் பாடித் திரிந்த நான் அன்றைக்கு ஏன் வாங்கவில்லை என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. என்னிடம் பேச்சு இருந்தது, உன்னிடம் காசு இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தானே காரியம்.

நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தில்தான் எல்லாம் தொடங்கியது. டீசல் வரிசையில் என் லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் ஒரு கார். அதில் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர். வரிசை நகரவில்லை. பொழுது போக வேண்டுமே, மனிதர் கார் மூடியில் படிந்த தூசியில் விரலால் கோடு கீறி எனக்குத் திறைசேரி உண்டியல் படிப்பித்தார். அரசாங்கத்துக்குச் செலவுக்குக் காசு போதாத நேரத்தில் குறுகிய காலக் கடன் வாங்குமாம். மூன்று மாதம், ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். அந்தக் கடனைப் பெரிய வங்கிகள் மட்டுமல்ல, உன்னையும் என்னையும் போன்ற ஆட்களும் கொடுக்கலாமாம். நான் எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன், ஆகவே எதையும் மற்றவர்களைவிட இருமடங்கு விளங்கிக்கொள்வேன். டீசல் கிடைக்க முன்னமே பாடம் ஏறிவிட்டது.

உன் வீட்டு வளவுக்கு வந்து சேருமுன் அந்த மனிதர் திறைசேரியின் செயலாளராக உயர்ந்திருந்தார். அவருடைய கார் வெள்ளையாகிவிட்டிருந்தது. எனக்கு அவர் கைகூடக் கொடுத்திருந்தார்.

நீ குவைத்திலிருந்து வந்து இருந்த நேரம் அது. உன் மகள் சுகிக்குக் கட்டத் தொடங்கிய வீடு சுவர் எழும்பிக் கூரை மட்டத்தில் நின்றது. நம் பக்கத்தில் வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஒருவரும் துணிய மாட்டார்கள். தாய் வீட்டைக் கட்டி மகளுக்கு எழுத வேண்டும், மாப்பிள்ளை பெட்டியோடு அந்த வீட்டுக்கு வர வேண்டும். சுகிக்கு மாப்பிள்ளையும் பேசியாகிவிட்டது. நல்ல பொடியன். ஆனால் மரமும் ஓடும் சீமெந்தும் விலை ஏறிய ஏற்றத்தில், நீ மற்றவர்களின் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மற்றவர்களின் மாடிகளைக் கூட்டிச் சேர்த்த காசு, வங்கிப் புத்தகத்தில் அப்படியே இருந்தபடி சுருங்கிக்கொண்டிருந்தது. முன்பு முழுக் கூரைக்குக் காணும் என்று வைத்த காசு அப்போது அரைக் கூரைக்குத்தான் காணும்.

கூரையில்லாத அந்த வீட்டின் நடு அறையில் சீமெந்துப் பையை விரித்துப் போட்டு இருந்தோம். மேலே வானம். நான் சொல்லச் சொல்ல நீ கேட்டுக்கொண்டே வந்தாய். உன் கேள்விகள் எப்போதும் நான் பொய்யை அவிழ்த்து வைக்கும் இடத்துக்கு ஒரு எட்டு முன்னாலேயே வந்து நிற்கும்.

"அரசாங்கத்துக்கு என்னத்துக்கு மச்சான் என்ட காசு? அவங்கதானே காசு அடிக்கிறவங்க?"

"அடிச்சு அடிச்சுத்தானே இந்த நிலமை. இனி அடிக்க ஏலாது. கடன்தான்."

"தராட்டி?"

"அரசாங்கம் எங்க ஓடும்? உன்ட மச்சான் ஓடுவான், அரசாங்கம் ஓடாது."

"நீங்க ஓட மாட்டீங்க மச்சான். நீங்க ஓடினதாச் சொல்லுவீங்க." சுகி அடுப்படியில் நின்று சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. "வட்டி எப்பிடித் தருவாங்க? மாசம் மாசமா?"

அங்கேதான் நான் அந்தக் கார் மூடிப் பாடத்தை எடுத்து விட்டேன். வட்டி என்று தனியாக ஒன்றும் தர மாட்டார்கள். நூறு ரூபாய் பெறுமதியான உண்டியலை இன்றைக்கு நூறைவிடக் குறைத்து உனக்கு விற்பார்கள். தவணை முடிந்த அன்றைக்கு முழு நூறும் தருவார்கள். இடையில் உள்ளதுதான் உன் லாபம்.

உன் கண் வானத்தில் நின்றது. பிறகு, "இது விதைப்புக் காசு மாதிரி" என்றாய்.

எனக்கு அது தோன்றவேயில்லை, மச்சாள். கார்க்காரருக்கும் தோன்றியிருக்காது. விதைப்புக்குக் காசில்லாத வயல்காரன் முதலாளியிடம் போவான். முதலாளி இப்போது காசு கொடுப்பான், வெட்டு முடிய நெல்லை விலை குறைத்து அள்ளுவான். குறைத்துக் கொடுத்து நிறைத்து எடுக்கிற அதே கணக்கு. உன் அப்பா, என் மாமா, எத்தனை போகம் அப்படி விதைத்தார்! வயல் வட்டை முழுக்கப் பொன்னாக விளைந்து கிடக்கும். சூடடித்து நெல் பிரிக்கிற களவெட்டியிலேயே முதலாளி வந்து சாக்கோடு நிற்பான். மாமாவின் நெல் வீட்டு வாசலைக் காணாமல் அங்கிருந்தே ஏறிப் போகும். நீயும் நானும் வைக்கோல் போரில் இருந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

"அப்ப இதில அரசாங்கம் வயல்காரன்" என்றாய் மெதுவாக. "நாங்க முதலாளி."

"அதத்தானே நான் அப்பவே சொல்ல வந்தன்" என்றேன்.

"நீங்க சொல்லல்ல மச்சான். ஆனாச் செய்வம். ஒரு தரமாவது நான் களவெட்டியில மற்றப் பக்கம் நிண்டு பாக்கோணும்."

மாரி மழை கொட்டுகிற ஒரு நாளில் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினோம். ஆறு நிரம்பி ரோட்டை நக்கிக்கொண்டிருந்தது. வங்கியில் நமக்குக் கிடைத்தது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கிய ஒரு பிள்ளை. பொறுமைசாலி. பொறுமை வேண்டியும் இருந்தது. நான் கதிரையில் இருந்ததும், "தங்கச்சி, இந்த உண்டியல் அச்சடிக்கிற தாள் எங்க செஞ்சதெண்டு தெரியுமா? வாழைச்சேனைக் காகித ஆலையில. நான் அங்க வேல செஞ்சனான். என்ட கையால போன தாள்" என்று தொடங்கினேன்.

நீ அந்தப் பிள்ளையைப் பார்த்து, "அவர் வெட்டினது பள்ளிக்கூடக் கொப்பித் தாள் புள்ள. நீங்க சொல்லுங்க" என்றாய்.

"தாளே கிடையாது அம்மா" என்றாள் அவள். "இப்ப எல்லாம் கணனியிலதான். உங்கட பேரில கொழும்புல ஒரு கணக்குத் திறந்து, அதில பதிஞ்சிருவாங்க. போனுக்குச் செய்தி வரும்."

என் வாழ்நாள் உழைப்பை ஒரு வசனத்தில் துடைத்துவிட்டாள். நீ அதற்குக் கவலைப்படவில்லை, உன் கவலை வேறு. "அப்ப நான் பிடிச்சுப் பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டாய். அவள் ஒரு உறுதிச் சீட்டு தருவதாகச் சொன்னாள். "அது நீங்க எழுதித் தாறது. உண்டியல் எங்க?" அவள் கணனித் திரையை உன் பக்கம் திருப்பிக் காட்டினாள். நீ சேலைத் தலைப்பால் அந்தத் திரையை ஒரு முறை துடைத்துவிட்டு, குனிந்து, உன் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்தாய். இருந்தது. பெயரைத் திரையில் கண்டபோது உன் முகத்தில் வந்தது சந்தோஷமா, சந்தேகமா? எனக்கு இன்றுவரைக்கும் பிடிபடவில்லை.

ஆறு மாத உண்டியல் எடுத்தாய். தவணை முடிவது ஒரு வெள்ளிக்கிழமை. "அண்டைக்கு நான் எத்தின மணிக்கு வந்து நிக்கோணும்?" என்று கேட்டாய்.

"வரத் தேவையேயில்ல அம்மா. காசு தானா உங்கட கணக்குக்கு வரும்."

வெளியே வந்ததும் என் காதில் சொன்னாய்: "பாவம், படிச்ச புள்ள. களவெட்டியில நிக்காத முதலாளிக்கு எவன் பொலி அளந்தான்?" நானும் தலையை ஆட்டினேன். அதில் உனக்கும் எனக்கும் ஒரே கொள்கை. கொடுத்தவன் கண்ணுக்கு முன்னால் நிற்காவிட்டால் வாங்கியவனுக்கு ஞாபகம் வராது என்பது நம் வட்டையில் பிறந்தவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை இருவரும் போய் நிற்பது என்று அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது.

தவணை நெருங்கியது. சுகியின் கலியாணத்துக்கு நாளும் வைத்தாயிற்று. ஓட்டமாவடி முஸ்லிம் அண்ணன், நம் காக்காவின் கடையில் ஓட்டுக்கும் மரத்துக்கும் சொல்லி வைத்தாயிற்று. அந்த வாரத்தில்தான் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தது. உள்நாட்டுக் கடன்களை அரசாங்கம் மறுசீரமைக்கப் போகிறதாம். அதற்காக வார இறுதியோடு சேர்த்து வங்கிகளைச் சில நாட்கள் மூடுகிறார்களாம். உன் வெள்ளிக்கிழமையும் அதற்குள் அகப்பட்டுவிட்டது.

மறுசீரமைப்பு என்றால் என்ன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் விளக்கினார்கள். கொடுத்த கடனில் பாதியை வெட்டுவார்கள் என்றான் ஒருவன். பத்து வருடம் கழித்துத்தான் தருவார்கள் என்றான் இன்னொருவன். உன் வளவு வாசலில் நின்று துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்கள். நீ ஒருவரையும் அந்தச் சொல்லைச் சொல்ல விடவில்லை.

அந்தச் சொல்லை இங்கே எழுதினால் நீ கோபிப்பாய். ஆனாலும் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு விளங்க வேண்டுமே. களவெட்டியில் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. 'முடிந்தது', 'போச்சு', 'காணாது' ஒன்றும் கூடாது. குறைச்சலைப் பேசினால் குறைந்துவிடும். நெல் குவியலைப் பொலி என்போம். அளந்து முடிந்தால் முடிந்தது என்னாமல் 'பொலிஞ்சிட்டு' என்போம். வெட்டு மெசின் வந்த பிறகு அந்தப் பேச்சு வட்டையிலேயே குறைவு. நீ அதைக் குவைத்துக்குக் கொண்டு போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டு வந்திருந்தாய்.

காக்காவிடம் போனோம். வட்டி என்ற சொல்லுக்கே ஒதுங்கி நடக்கிற மனிதர். ஆனாலும் உண்டியல் கதை கேட்பதில் அவருக்கு ஆசை. அன்றைக்குக் கல்லாவை விட்டு எழும்பி வந்தார்.

"தங்கச்சி, காசு இல்லாமப் போனாலும்..."

"காக்கா! அந்தச் சொல்ல எடுக்காதீங்க."

அவரும் வயல்காரன் பேரன்தானே. தாடியைத் தடவிக்கொண்டு சொல்லைத் திருத்தினார். "சரி. காசு வழியில வந்துகொண்டிருக்கிற வரைக்கும், ஓடு என்ட கடையிலயே கிடக்கும். வேற ஒருத்தனுக்கும் ஏத்த மாட்டன். மழைக்கு முன்ன கூர ஏறும், இன்ஷா அல்லாஹ்."

வெள்ளிக்கிழமை வந்தது. வங்கி மூடியிருக்கும் என்று உலகத்துக்கே தெரியும். "போவமா மச்சான்?" என்றாய். "போகாம?" என்றேன். பஸ்ஸில் உன் மடியில் கைப்பை ஊதிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுப் பார்சல் என்று நினைத்தேன்.

வங்கியின் இரும்புப் படல் பூட்டியிருந்தது. காவல்காரர் ஒருவர் கதிரையில் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நீ கைப்பையைத் திறந்தாய். உள்ளே இருந்து வந்தது மடித்து வைத்த நெல் சாக்கு. மாமாவின் காலத்துச் சணல் சாக்கு, நீலக் கரை போட்டது.

"இது என்னத்துக்கு?" என்றேன்.

"சாக்கில்லாம ஆரும் களவெட்டிக்குப் போவாங்களா?" என்று கேட்டுவிட்டு, படலுக்கு முன்னால் அதை விரித்து அதன்மேல் இருந்தாய். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாய், நீயே அந்தச் சொல்லின் ஒரு துண்டைச் சொல்லிவிட்டாய் என்று.

காவல்காரர் ஓடி வந்தார். "அம்மா, இண்டைக்கு வங்கி இல்ல!"

"அப்பிடிச் சொல்லாதீங்க தம்பி."

"வேற எப்பிடிச் சொல்ற? மூடிக் கிடக்கு."

"நீங்க எந்த ஊர்?"

அவர் வட்டைகள் நிறைந்த படுவான்கரை ஊர் ஒன்றைச் சொன்னார். "அப்ப உங்களுக்குத் தெரியும். இது களவெட்டி" என்றாய். அவர் பூட்டைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான், அம்மா கொழும்புத் திறைசேரிக்குக் கடன் கொடுத்த முக்கியமான ஆள் என்று விளக்கினேன். மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அம்மா, வங்கி உள்ளுக்குள்ள நிறைஞ்சு கிடக்கு. கதவு மட்டும் செவ்வாக்கிழம திறக்கும்."

நீ அவரைக் கும்பிட்டாய். அவர் கச்சானில் பாதியை உனக்குத் தந்தார்.

சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினோம். ஏறாவூர் தாண்டியதும் நீ முகத்தை யன்னல் பக்கம் திருப்பினாய். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். சாக்கின் நூல் ஒன்றை இழுத்து இழுத்து விரலில் சுற்றினாய்.

"மச்சான், ஒண்டு கேப்பன். சோடிக்காமச் சொல்லுங்க. அந்தக் கார்க்காரக் கொழும்பு ஐயா சொன்னது எவ்வளவு மெய்?"

என் வாயில் நல்ல பதில் நாலைந்து வந்தது. ஆனால் உன் விரல் அந்த நூலில் இருந்தது. சுகியின் கூரை முழுவதும் அந்த நூலில் தொங்கியது.

"உண்டியல் மெய். அவர் படிப்பிச்ச கணக்கும் மெய். அவர் செயலாளர்..." அடுத்த சொல் அந்தச் சொல். விழுங்கினேன். "அவர் வங்கியில இருந்து ஓய்வெடுத்தவர். கார் கறுப்பு."

"கை குடுத்தவரா?"

"டீசல் கலனைத் தூக்கக் கை குடுத்தவர்."

நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். பிறகு உன் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாய் என்று பயந்தேன். வந்தாறுமூலை வரும்வரைக்கும் அடக்க முடியாமல் சிரித்தாய். "கணக்கு மெய் எண்டாக் காணும் மச்சான். கார் என்ன நிறமெண்டா எனக்கென்ன" என்றாய். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை வரைக்கும் நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று சுகி சொன்னாள். எனக்கு அப்போது சொல்லவில்லை, பிறகுதான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை நீ விளக்கு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்ததாம். என்னைக் கூப்பிட்டனுப்பினாய். கண்ணாடியைப் போட்டு உரத்து வாசித்தேன். முழுத் தொகை. ஒரு சதம் வெட்டவில்லை. நம் மாதிரிச் சில்லறைக் கைகளில் இருந்த உண்டியல்களை அவர்கள் தொடவேயில்லை. சுகி உன்னைக் கட்டிப் பிடித்தாள். நான், இது நடக்கும் என்று எனக்கு முன்னமே தெரியும் என்றேன். அது மட்டும் பொய் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

நீ தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாய். "அப்ப ஆருக்கு வெட்டினாங்க மச்சான்?" என்று கேட்டாய்.

தொழிலாளிகள் ஓய்வுகாலத்துக்குச் சேர்த்த சேமலாப நிதிகள்தான் பாரத்தைச் சுமக்க வேண்டி வந்தது என்று செய்தியில் சொன்னதாகச் சொன்னேன். நீ விடவில்லை.

"அரசாங்கம் வயல்காரன், நாங்க முதலாளி எண்டு சொன்னம். அப்ப அந்த வயலுக்குள்ள இறங்கி வேல செய்யிறது ஆரு?"

"சனந்தான்."

"சனம் எண்டா ஆரு? நானும் நீங்களுந்தானே? என்ட கரண்ட் பில் இவ்வளவு கூடினது எனக்கே லாபம் தாறத்துக்கா? இந்தக் கையால எடுத்து அந்தக் கையில வைக்கிறாங்களா?"

முதலாளியின் பக்கம் போய் நின்ற முதல் நாளிலேயே நீ திரும்பி வயல்காரனைத் தேடினாய். மாமாவின் நெல் ஏறிப் போனதைப் பார்த்த கண் அல்லவா. சந்தோஷத்தில் இருந்தவர்களுக்கு நடுவில் உனக்கு மட்டும் இன்னும் ஒரு கேள்வி மிச்சம்.

கூரை ஏறியது. காக்கா சொன்னபடி மழைக்கு முன்னமே ஏறியது. சுகியின் மாப்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கினான். நீ வழக்கப்படி பெரிய வீட்டை அவர்களுக்கு விட்டுவிட்டுப் பின் வளவில் சின்ன அறை ஒன்றுக்குப் போனாய். கலியாண வீட்டில் நான் என்ன பேசினேன் என்று கேட்காதே. மாப்பிள்ளையின் ஆட்களுக்கு அந்த ஓடுகளை அரசாங்கமே வந்து அடுக்கிக் கொடுத்தது என்கிற அளவுக்குக் கதை வளர்ந்திருந்தது. மிஞ்சிய காசில் நீ உனக்கென்று ஒரு சின்ன உண்டியல் வாங்கினாய். அது முதிர, அதையே திரும்பப் போட்டாய். வட்டிவீதம் இறங்கிய பிறகும் போட்டாய். "லாபத்துக்கில்ல மச்சான். உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு பாக்கத்தான்" என்றாய். அறியும் ஆசைக்குக் காசு போட்ட ஆளை இந்த வாவிக் கரையில் நான் வேறு எங்கும் கண்டதில்லை.

வருத்தம் வந்து ஆசுபத்திரியில் கிடந்தபோதும் அப்படித்தான் இருந்தாய். தாதிப் பிள்ளையிடம், சேலைன் போத்தலைக் காட்டி, இது எந்த ஊரில் செய்வது, யார் காசு கொடுத்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தாய். "அரசாங்கம் அம்மா" என்றாள் அவள். நீ என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினாய். "பாத்தீங்களா, என்ட காசு வந்து சேந்திட்டு" என்றாய். உன் உண்டியல் முதிர இன்னும் சில வெள்ளிக்கிழமைகள் இருந்தன. நீ அவற்றுக்குக் காத்திருக்கவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிறகு சுகி அந்தச் சாக்கைக் கொண்டு வந்து தந்தாள். கழுவி, மடித்து. "பெரியப்பாட்டக் குடுக்கச் சொன்னவ" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம்.

இன்று அந்தச் செய்தி வந்ததும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாக்கை எடுத்துக்கொண்டு மட்டக்களப்புப் பஸ் ஏறினேன். போகத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அது உனக்கும் இரண்டாவது உண்டியலோடே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தவணைக்கும் போனாய். வங்கியில் அதே பிள்ளை, நான் உண்டியல் வாங்கிய நாளில் காணாதவள், இப்போது கண்ணாடி அறைக்குள் இருக்கிறாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். பார், ஒருவராவது எழும்பினார். என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, அம்மா வரல்லயா? கேள்வி கேக்க ஆளில்லாம இஞ்ச சோம்பிப் போய்க் கிடக்கு."

கையில் சாக்கு. முன்னால் கணனி. அது களவெட்டி, மச்சாள். நான் எந்தச் சொல்லைச் சொல்வேன்?

"அம்மா பொலிஞ்சிட்டா, புள்ள" என்றேன்.

வயல் ஊர்ப் பிள்ளை அவள். விளங்கியது. கைகளை மேசையில் வைத்தாள். பிறகு மெதுவாக, "இத என்ன செய்யிற ஐயா? திரும்பப் போடவா?" என்று கேட்டாள்.

"போடுங்க. அதுக்கு முன்ன எனக்கொண்டு விளங்கோணும்" என்றேன். கதிரையை முன்னுக்கு இழுத்தேன். "அரசாங்கம் வயல்காரன், நாங்க முதலாளி எண்டு வைப்பம். அப்ப வயலுக்குள்ள இறங்கி நிக்கிறது ஆரு?"

அவள் கணனியைத் தள்ளி வைத்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு கீறத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, இதைத் தன்னுடைய மனேசரிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் வந்தார். அவரும் கோடு கீறினார். வெளியே வரிசை நீண்டது. ஒருவன் முணுமுணுத்தான். நான் அசையவில்லை. இந்தக் கேள்வியைத் திறைசேரிக்கே கடன் கொடுத்த ஒருத்தி என்னிடம் ஒப்படைத்துப் போயிருக்கிறாள் என்று அவனுக்குச் சொன்னேன். இதில் சோடனை ஒன்றும் இல்லை.

'இல்லை' என்ற சொல்லை இங்கே எழுதியதற்குப் பொறுத்துக்கொள். இது கடிதம், களவெட்டி அல்ல.

விடை இன்னும் வரவில்லை. அடுத்த தவணைக்குள் பார்த்துச் சொல்கிறேன் என்றார் மனேசர். சாக்கை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். நூல் ஒன்று இழுபட்டுக் கிடக்கிறது, அது நீ விரலில் சுற்றிய நூல். வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன், "என்ன அண்ணே, வெறுஞ் சாக்கோட வாறீங்க?" என்று கேட்டான்.

"வெறுஞ் சாக்கெண்டு ஆர் சொன்னது?" என்றேன்.